ஒரே மின்னஞ்சலில் மூன்று சைஸ் எழுத்து: தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒழுங்குபடுத்துவது எப்படி?

கொட்டகலை_டைப்செட்

வணக்கம். கொமினிகேஷன் கடையில் கடிதம் டைப் பண்ணி மெயிலில் அனுப்புற வேலை. பிரதேச செயலகம், வலயக் கல்வி அலுவலகம், தோட்ட நிர்வாகம் என்று போறதால பாதிக்கு மேல மும்மொழிக் கடிதங்கள். விண்டோஸ் 10, அவுட்லுக் 2016. சிலருக்கு பிரவுசரில் ஜிமெயில் திறந்தும் அனுப்புவோம்.

வேர்டில் அழகா இருக்கிற கடிதத்தை மெயிலுக்குள்ள பேஸ்ட் பண்ணினா தமிழ் பெருசாவும் ஆங்கிலம் சிறுசாவும் வருது, சிங்களம் ரெண்டுக்கும் நடுவில. எக்செல் அட்டவணை தனி ஃபொன்ட்டில் நிக்குது. வந்த மெயிலுக்கு பதில் எழுதும்போது பாதி வரியில் எழுத்து மாறுது. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரே ஃபொன்ட் கொடுத்தாலும் தமிழ் மட்டும் அசையாது. எங்க பக்கம் சரியா தெரிஞ்சாலும் வாங்குறவங்க ஃபோனில் வேற மாதிரி தெரியுதாம். எங்கிருந்து தொடங்கணும்?

மஸ்கெலியா_நெட்

கண்ட்ரோல் + ஏ, பிறகு ஏரியல், சைஸ் 11. அவ்வளவுதான். இதுக்கு ஒரு இழையா?

பதுளை_ரோட்

அவர் அதைச் செஞ்சு பார்த்துட்டுத்தான் கேட்கிறார் தம்பி. "தமிழ் மட்டும் அசையாது" என்ற வரியைப் பாருங்க.

ஏரியல், கலிப்ரி, வெர்டானா, டைம்ஸ் நியூ ரோமன் இந்த நாலு ஃபொன்ட்டிலும் தமிழ் எழுத்தே கிடையாது. சிங்களமும் கிடையாது. நீங்க ஏரியல் என்று கொடுத்ததும் ஆங்கிலமும் இலக்கங்களும் மட்டும் ஏரியலுக்குப் போகும். தமிழ் எழுத்துக்கு கொம்பியூட்டர் தானே ஒரு ஃபொன்ட்டைத் தேடிப் போட்டுக்கும். விண்டோஸ் 8க்குப் பிறகு அது பெரும்பாலும் நிர்மலா யூஐ. வேர்டும் அவுட்லுக்கும் தங்களுடைய தீம் பட்டியல்படி லதா என்ற ஃபொன்ட்டை எடுக்கும். ஆன்ட்ரொய்ட் ஃபோனில் நொட்டோ சான்ஸ் தமிழ், ஐஃபோனில் தமிழ் சங்கம் எம்என். இந்த நாலும் ஒரே 11 சைஸில் ஒரே உயரம் இல்லை. லதாவில் வரிக்கு வரி இடைவெளியும் கூட.

ஆக, கேட்டவர் சொல்றது ஒரு பிரச்சினை இல்லை, மூணு. பேஸ்ட் பண்ணும்போது பழைய ஃபோர்மட்டிங் ஒட்டிக்கிட்டு வர்றது ஒண்ணு. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அவுட்லுக் தனித்தனி ஃபொன்ட், தனித்தனி சைஸ் வச்சிருக்கிறது ரெண்டாவது. வாங்குறவரோட கருவி தன் இஷ்டத்துக்கு ஃபொன்ட் போடுறது மூணாவது. முதல் ரெண்டும் நம்ம கையில். மூணாவதை முழுசா கட்டுப்படுத்த முடியாது, குறைக்கலாம்.

எதுக்கும் முதல்ல ஸூமைப் பாருங்க. பிரவுசரில் கண்ட்ரோல் + 0 அழுத்தினா 100 சதவீதத்துக்கு வரும். அவுட்லுக்கில் கீழே வலது மூலையில் இருக்கிற சதவீதம் 100ஆ என்று பாருங்க. கண்ட்ரோலைப் பிடிச்சபடி மவுஸ் சக்கரம் சுத்துப்பட்டா இது மாறிடும். எழுத்து பெருசாத் தெரியும், ஆனா அனுப்புற மெயிலில் சைஸ் மாறியிருக்காது. அதை எழுத்து சைஸ் என்று நினைச்சு 9க்கு குறைச்சு அனுப்பினா வாங்குறவருக்கு எறும்பு எழுத்துதான் போகும்.

ஹட்டன்_சேர்விஸ்

பதுளை அண்ணே சொன்ன ரெண்டாவது விஷயத்தை விரிவா எழுதுறேன். தமிழில் வேலை செய்றவங்க மாட்டிக்கிறது இங்கதான். ஆங்கிலத்தில் இருக்கிற உதவிப் பக்கங்களில் இது அனேகமா வராது.

வேர்ட், அவுட்லுக் ரெண்டும் தமிழ், சிங்களம், ஹிந்தி, அரபு எல்லாத்தையும் "கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்" என்கிற தனிப் பெட்டியில் வைக்கும். ஒரே வரியில் "விண்ணப்பம்" என்ற சொல்லுக்கும் பக்கத்தில் இருக்கிற ஆங்கிலச் சொல்லுக்கும் ஃபொன்ட் பெயர் ரெண்டு, சைஸ் ரெண்டு. மேலே ரிப்பனில் இருக்கிற சைஸ் பெட்டியை மட்டும் மாத்தினா, கலந்த வரியில் ரெண்டும் சேர்ந்து மாறும் என்று நம்பக்கூடாது.

இதைத் திறக்கிற வழி: ஃபைல் > ஒப்ஷன்ஸ் > லேங்குவேஜ் போய், எடிட்டிங் மொழிகளில் தமிழையும் சிங்களத்தையும் சேர்த்துவிட்டு அவுட்லுக்கை மூடித் திறங்க. பிறகு மெயில் எழுதுற ஜன்னலில் கண்ட்ரோல் + டி. ஃபொன்ட் பெட்டி ரெண்டு பகுதியா தெரியும்: மேலே லத்தீன் டெக்ஸ்ட் (ஆங்கில எழுத்து), கீழே கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ். ரெண்டிலும் நிர்மலா யூஐ, ரெண்டிலும் 11 போடுங்க.

ஏன் நிர்மலா யூஐ? அந்த ஒரே ஃபொன்ட்டில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூணும் இருக்கு, மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துற மாதிரி வரைஞ்சது. மும்மொழிக் கடிதத்துக்கு விண்டோஸில் இதைவிட லேசான வழி இல்லை. ஆங்கிலத்துக்கு கலிப்ரி, தமிழுக்கு லதா, சிங்களத்துக்கு இஸ்கோல பொத என்று வச்சிருந்தா மூணு சைஸ் வராம என்ன செய்யும்?

இதையே நிரந்தரமா வைக்க: ஃபைல் > ஒப்ஷன்ஸ் > மெயில் > ஸ்டேஷனரி அண்ட் ஃபொன்ட்ஸ். அங்கே மூணு ஃபொன்ட் பட்டன் இருக்கு. புது மெயிலுக்கு ஒண்ணு, பதிலுக்கும் ஃபோர்வர்டுக்கும் ஒண்ணு, ப்ளெயின் டெக்ஸ்டுக்கு (ஃபோர்மட்டிங் இல்லாத வெறும் எழுத்து) ஒண்ணு. நம்ம ஆட்கள் முதல் பட்டனை மட்டும் மாத்திவிட்டு "பதிலில் மட்டும் பழையபடி வருது" என்பாங்க. ரெண்டாவதையும் மாத்தணும், உள்ளே லத்தீன், கொம்ப்ளெக்ஸ் ரெண்டையும் மாத்தணும். தீம் ஏதாவது தெரிவு செஞ்சிருந்தா அதை நோ தீம் ஆக்குங்க. அதே இடத்தில் "பதில் எழுதும்போது புது நிறம் எடு" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தா எடுத்துவிடுங்க, நிறம் மாறுற தொல்லையும் போகும்.

இவ்வளவும் செஞ்சும் அடுத்த முறை திறக்கும்போது பழைய ஃபொன்ட்டே வந்தா நோர்மல் ஈமெயில் என்ற டெம்ப்ளேட் ஃபைல் கெட்டிருக்கலாம். அவுட்லுக்கை மூடிவிட்டு, ஆப்டேட்டா > ரோமிங் > மைக்ரோசொஃப்ட் > டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் அந்த ஃபைலின் பெயரை மாத்துங்க, அழிக்க வேண்டாம். அவுட்லுக் திறக்கும்போது புதுசா ஒண்ணு உண்டாக்கிக்கும். நீங்களா செஞ்சு வச்ச ஸ்டைல்கள் பழைய ஃபைலில்தான் இருக்கும், அதனாலதான் அழிக்க வேண்டாம் என்றேன்.

கொட்டகலை_டைப்செட்

கண்ட்ரோல் + டி யில் ரெண்டு பகுதி இப்ப தெரியுது. கீழ்ப் பகுதியில் லதா 14 என்று கிடக்குது! மேலே கலிப்ரி 11.

ஆனா பழைய கடிதங்களில் பாதி பாமினியில் இருக்கு. அதுக்கும் இதேதானா?

ஹட்டன்_சேர்விஸ்

இல்லை, பாமினி வேற கதை. அதை முதல்ல பிரிச்சு எடுக்காம ஃபொன்ட் பக்கமே போகாதீங்க.

பாமினியில் இருக்கிறது கொம்பியூட்டருக்கு தமிழே இல்லை. உள்ளே ஆங்கில எழுத்துகள்தான் இருக்கு, பாமினி ஃபொன்ட் அதன் மேல தமிழ் வடிவத்தை வரைஞ்சு காட்டுது. வாங்குறவர் கொம்பியூட்டரில் பாமினி இல்லாட்டி, ஃபோனில் என்றால் அனேகமா எப்பவுமே, அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பைதான் தெரியும். சிங்களத்தில் எஃப்எம் அபயவுக்கும் இதே நிலைமை.

கண்டுபிடிக்கிற சோதனை: சந்தேகமான சொல்லை செலக்ட் பண்ணி ஏரியல் கொடுங்க. ஆங்கில எழுத்தா மாறினா பாமினி. தமிழாவே நின்றா யூனிகோட், அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறி உள்ள பொது முறை. பார்த்துவிட்டு கண்ட்ரோல் + இசட்.

யூனிகோடுக்கு மாத்த இணையத்தில் பாமினி மாற்றிகள் நிறைய இருக்கு. தப்பு நடக்கிற இடத்தை மட்டும் சொல்றேன். முழுக் கடிதத்தையும் மாற்றியில் கொட்டினா, அதில் நிஜமான ஆங்கிலத்தில் இருக்கிற பெயர், மின்னஞ்சல் முகவரி, வாகன இலக்கத்தின் எழுத்து எல்லாத்தையும் அது பாமினி என்று நினைச்சு தமிழ்க் குப்பையாக்கும். பாமினிப் பகுதியை மட்டும் எடுக்கணும். வேர்டில் ஒரு பாமினிச் சொல் மேல கர்சரை வச்சு, ஹோம் > செலக்ட் என்ற இடத்தில் "இதே ஃபோர்மட்டிங் உள்ள எல்லாத்தையும் தெரிவு செய்" என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினா எங்கெங்கே பாமினி இருக்கு என்று தெரிஞ்சுடும். தடிச்ச எழுத்து, வேற சைஸ் எல்லாம் அதில் சேராது, அதுகளுக்குத் திரும்பச் செய்யணும்.

பதுளை_ரோட்

பீடிஎஃப்பில் இருந்து தமிழைக் கொப்பி பண்றதையும் இதோட சேர்த்துக்கொள்ளுங்க. யூனிகோடில் செஞ்ச பீடிஎஃப் என்றாலும் கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளி வட்டத்தோட தொங்கும். எந்த ஃபொன்ட் கொடுத்தாலும் அது திருந்தாது, எழுத்து வரிசையே உடைஞ்சிருக்கு. மூல வேர்ட் ஃபைலைக் கேளுங்க, இல்லாட்டி திரும்ப டைப் பண்ணுங்க.

ஃபேஸ்புக்கில் இருந்து எடுத்த ஆங்கிலத் தலைப்பிலும் ஒரு ஏமாத்து உண்டு. தடிச்ச எழுத்து, வளைஞ்ச எழுத்து என்று அழகா இருக்கும். அது ஃபொன்ட் இல்லை, கணிதக் குறியீட்டுக்கு யூனிகோடில் ஒதுக்கின வேற எழுத்துகள். ஃபோர்மட்டிங்கை அகற்றுற ரிமூவ் ஃபோர்மட்டிங் பட்டனும் அதைத் தொடாது, கையால திரும்ப அடிக்கத்தான் வேணும்.

பண்டாரவளை_மிஸ்

எங்க பாடசாலையில் அவுட்லுக் இல்லை, எல்லாம் ஜிமெயில்தான். அறிக்கை வேர்டில் வரும், அதை மெயிலில் போட்டு மற்ற அதிபர்மாருக்கு அனுப்பணும். ஜிமெயிலில் கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் பெட்டி எதுவும் இல்லையே?

பதுளை_ரோட்

இல்லை மிஸ், ஜிமெயிலில் அந்தத் தொல்லை கிடையாது. ஆனா பேஸ்ட் பண்றதில்தான் எல்லாம் கெடுது. வேர்டில் இருந்து எடுக்கும்போது கொழுந்தோட முத்தல் இலையும் குச்சியும் சேர்ந்து கூடைக்குள்ள விழுற மாதிரி, எழுத்தோட அதன் ஃபொன்ட், சைஸ், நிறம், பின்னணி வெள்ளை, வரி இடைவெளி எல்லாம் கூடவே வரும்.

ஜிமெயிலின் நோர்மல் சைஸ் திரையில் ஏறக்குறைய 13 பிக்சல். வேர்டின் 11 பொயின்ட் என்றால் (ஒரு அங்குலத்துக்கு 72 பொயின்ட், 96 பிக்சல்) 11 × 96 ÷ 72, அதாவது 14.67 பிக்சல். 12 பொயின்ட் என்றால் 16 பிக்சல். நீங்க ஜிமெயிலில் கையால அடிச்ச முதல் வரி 13, பேஸ்ட் பண்ணின பகுதி 14.67, கீழே கையொப்பம் இன்னொண்ணு. கண்ணுக்கு உறுத்துறது இந்த வித்தியாசம்தான்.

செய்ய வேண்டியது: பேஸ்ட் பண்ண கண்ட்ரோல் + வி வேண்டாம், கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி. வெறும் எழுத்து மட்டும் வரும். ஏற்கெனவே பேஸ்ட் பண்ணியாச்சு என்றால் கண்ட்ரோல் + ஏ போட்டு கண்ட்ரோல் + பேக்ஸ்லாஷ். கீழே ஃபோர்மட்டிங் வரிசையில் குறுக்குக் கோடு போட்ட டி எழுத்துப் பட்டனும் அதே வேலைதான். தடிச்ச எழுத்து, நிறம் எல்லாம் போயிடும், பிறகு வேண்டிய இடத்தில் மட்டும் தடிப்பாக்குங்க. அட்டவணைக் கட்டத்தை அது அகற்றாது.

நிரந்தரமா ஒரு ஃபொன்ட் வேணும் என்றால் செட்டிங்ஸ் > சீ ஓல் செட்டிங்ஸ் > ஜெனரல் > டிஃபோல்ட் டெக்ஸ்ட் ஸ்டைல். மாத்திவிட்டு பக்கத்தின் அடிவரைக்கும் போய் சேவ் சேஞ்சஸ் அழுத்தணும். அதை அழுத்தாம வெளியே வந்தா மாத்தினது நிக்காது.

என் கருத்து: சான்ஸ் செரிஃப், நோர்மல் இரண்டையும் அப்படியே விடுங்க. நீங்க மாத்தாத வரைக்கும் ஜிமெயில் மெயிலுக்குள்ள ஃபொன்ட் பெயரே எழுதாது, வாங்குறவரின் மெயில் செயலி தன்னுடைய வழக்கமான ஃபொன்ட்டில் முழு மெயிலையும் காட்டும். வெர்டானா என்று மாத்தினா அந்தப் பெயர் உள்ளே எழுதப்படும், ஆங்கிலம் வெர்டானாவில் அகலமா நிக்கும், தமிழுக்கு அதில் எழுத்து இல்லாததால வேற ஃபொன்ட் வரும். தமிழ் மெயிலுக்கு வெர்டானா போடுறது நாமளே வித்தியாசத்தை உண்டாக்கிக்கிறது.

பண்டாரவளை_மிஸ்

நன்றி. கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி போட்டா இலக்கமிட்ட பட்டியல் எல்லாம் குலைஞ்சு போகுதே? ஃபோனில் என்ன செய்றது?

பதுளை_ரோட்

பட்டியல் குலையும், அதைத் தவிர்க்க முடியாது. ஜிமெயிலிலேயே பட்டியல் பட்டனை அழுத்தித் திரும்பப் போடுறதுதான் சுத்தம். வேர்டின் புள்ளிப் பட்டியலை அப்படியே ஒட்டினா அந்தப் புள்ளி சிம்பல் என்கிற ஃபொன்ட்டில் தனியா வரும், சிலருக்கு கட்டமாவும் தெரியும்.

ஆன்ட்ரொய்டில் விரலை அழுத்திப் பிடிச்சா பேஸ்ட் பக்கத்தில் "பேஸ்ட் எஸ் ப்ளெயின் டெக்ஸ்ட்" என்றும் வரும், அதை எடுங்க. கொம்பியூட்டரில் வச்ச டிஃபோல்ட் ஸ்டைல் ஃபோன் செயலிக்கு வராது. கையொப்பமும் ஃபோனில் தனி, அங்கே தனியா எழுதணும்.

எந்தக் கீபோர்டில் தட்டச்சு செஞ்சாலும், செல்லினமோ ஹெலகுருவோ ஜீபோர்டோ, உள்ளே போறது யூனிகோட்தான். கீபோர்டை மாத்தினா எழுத்து சைஸ் சரியாகும் என்று சிலர் சொல்றது பொய்.

மஸ்கெலியா_நெட்

இத்தனை பாடுக்கு கடிதத்தை பீடிஎஃப் ஆக்கி அட்டாச் பண்ணினா முடிஞ்சதே. இல்லாட்டி ஃபோட்டோ எடுத்து ஒட்டலாம்.

ஹட்டன்_சேர்விஸ்

பீடிஎஃப் விஷயத்தில் மஸ்கெலியா சொல்றதில் நியாயம் இருக்கு. கையொப்பம், கடிதத் தலைப்பு, முத்திரை உள்ள உத்தியோகக் கடிதம் என்றால் பீடிஎஃப்தான் சரி. வேர்டில் சேவ் எஸ் கொடுத்து பீடிஎஃப் ஆக்கினா ஃபொன்ட்டும் உள்ளேயே பதிஞ்சு போகும், பாமினி கூட அங்கே சரியாத் தெரியும். மெயிலில் மூணு வரி விளக்கம் மட்டும் எழுதினா போதும்.

ஆனா பதில் எதிர்பார்த்து எழுதுற மெயில், பெற்றோருக்குப் போற அறிவித்தல், திகதி மாற்றம் இதெல்லாம் மெயிலுக்குள்ளேயே இருக்கணும். ஃபோனில் பீடிஎஃப் திறந்து விரலால பெருசாக்கிப் படிக்கிறது எல்லாருக்கும் இயலாது. சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு வர்ற மேல் டிவிஷன் பக்கம் அட்டாச்மென்ட் இறங்கவே நேரமெடுக்கும். ஃபோட்டோ வேண்டவே வேண்டாம். தேட முடியாது, கொப்பி பண்ண முடியாது, பார்வை குறைஞ்சவங்களின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது.

கொட்டகலை_டைப்செட்

எக்செல் அட்டவணை இன்னும் அடங்கல. சுற்றி எல்லாம் நிர்மலா, அட்டவணை மட்டும் கலிப்ரி.

ஹட்டன்_சேர்விஸ்

எக்செல் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா ஃபொன்ட் எழுதி அனுப்பும். 50 வரி, 6 நிரல் என்றால் 300 இடத்தில். மெயிலுக்குள்ள வந்த பிறகு திருத்துறதைவிட எக்செலிலேயே திருத்துறது லேசு: கண்ட்ரோல் + ஏ, நிர்மலா யூஐ, 10 அல்லது 11, பிறகு கொப்பி. அவுட்லுக்கில் வலது கிளிக் செஞ்சு பேஸ்ட் ஒப்ஷன்ஸில் "யூஸ் டெஸ்டினேஷன் ஸ்டைல்ஸ்" எடுங்க. "கீப் சோர்ஸ் ஃபோர்மட்டிங்" எடுத்தா பழைய கதைதான்.

அட்டவணையின் அகலத்தையும் கவனிங்க. 10, 12 நிரல் உள்ள வரவு அட்டவணையை மெயிலுக்குள்ள வச்சா, ஆன்ட்ரொய்ட் ஜிமெயிலில் ஒட்டோ-ஃபிட் மெசேஜஸ் போட்டிருக்கிறவருக்கு திரைக்குள்ள அடக்குறதுக்காக முழு மெயிலும் சுருங்கும். "எழுத்து பொடியா இருக்கு" என்று முறைப்பாடு வந்தா ஃபொன்ட்டைத் தேடாதீங்க, அட்டவணையைப் பாருங்க. நாலைஞ்சு நிரலுக்கு மேல போனா எக்செல் ஃபைலாவே அட்டாச் பண்ணுங்க.

பதுளை_ரோட்

பதில் எழுதும்போது பாதி வரியில் மாறுற விஷயம் விட்டுப்போச்சு.

ஜிமெயிலில் பழைய மெயிலுக்கு நடுவில் கர்சரை வச்சு எழுதினா அந்த இடத்தின் ஸ்டைல்தான் வரும். வேற ஸ்டைலில் இருக்கிற ரெண்டு வரியை பேக்ஸ்பேஸ் போட்டு ஒட்டினா, கீழ் வரி தன் பழைய சைஸைக் கூடவே தூக்கிக்கொண்டு மேலே ஏறும். பாதி வரியில் மாறுறதுக்கு அனேகமா இதுதான் காரணம். எழுதி முடிச்ச பிறகு உங்க பகுதியை மட்டும் செலக்ட் பண்ணி கண்ட்ரோல் + பேக்ஸ்லாஷ். மேற்கோளாக வந்த பழைய மெயிலைத் தொட வேண்டாம்.

அவுட்லுக்கில் அதே வேலைக்கு கண்ட்ரோல் + ஸ்பேஸ். எழுத்தின் மேல கையால போட்ட ஃபோர்மட்டிங் போகும். பத்தி இடைவெளி, உள்தள்ளல் போக கண்ட்ரோல் + கியூ. அப்பவும் அடங்காட்டி நோர்மல் ஸ்டைலுக்குக் கொண்டு வாங்க. பேஸ்டுக்கு வலது கிளிக்கில் ஏ எழுத்துப் போட்ட "கீப் டெக்ஸ்ட் ஒன்லி" ஐகன். தினமும் இதே வேலை என்றால் ஒப்ஷன்ஸ் > மெயில் > எடிட்டர் ஒப்ஷன்ஸ் > அட்வான்ஸ்ட் போய், வேற செயலியில் இருந்து பேஸ்ட் பண்றதை கீப் டெக்ஸ்ட் ஒன்லி என்று வச்சுடுங்க. எக்செல் அட்டவணைக்கு அப்ப மட்டும் வலது கிளிக்கில் வேறதைத் தெரியணும்.

வந்த மெயில் ப்ளெயின் டெக்ஸ்ட் என்றால் அவுட்லுக் பதிலையும் ப்ளெயின் டெக்ஸ்டில்தான் திறக்கும். ஃபொன்ட் பட்டன்கள் மங்கிக் கிடந்தா அதுதான் அறிகுறி. ஃபோர்மட் டெக்ஸ்ட் டேபில் எச்டிஎம்எல் (ஃபொன்ட் மாத்தக்கூடிய மெயில் வகை) அழுத்துங்க.

நானுஓயா_பெங்குவின்

தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியைப் பாவிக்கிறவங்களுக்கும் ஒரு வரி. செட்டிங்ஸ் > ஜெனரலில் ஃபொன்ட்ஸ் பகுதியில் அட்வான்ஸ்ட் திறந்தா மேலேயே "எந்த எழுத்துமுறைக்கு" என்று கேட்கும். லத்தீனுக்கு மாத்தினது தமிழுக்குப் போகாது. தமிழ், சிங்களம் என்று ஒவ்வொண்ணா தெரிஞ்சு சைஸ் போடணும். லத்தீன் 16, தமிழ் 15 என்று வச்சா நொட்டோவில் கண்ணுக்கு சமமாத் தெரியும் என்பது என் அபிப்பிராயம். இது நீங்க பார்க்கிறதுக்கு மட்டும், அனுப்புறதை மாத்தாது. எழுதினதைச் சுத்தமாக்க கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வை.

கொட்டகலை_டைப்செட்

நிர்மலா ரெண்டு பகுதியிலும் 11 போட்டு அனுப்பினேன், ஜிமெயிலில் திறந்து பார்த்தா சைஸ் ஒண்ணா இருக்கு. ஆனா தமிழ் உள்ள வரி உயரமா, ஆங்கிலம் மட்டும் உள்ள வரி நெருக்கமா தெரியுது.

ஹப்புத்தளை_வெப்

அதற்குக் காரணம் வரி இடைவெளி. ஆங்கில வரி இன்னும் வேற ஃபொன்ட்டில் நிக்குதா என்று கண்ட்ரோல் + டி யில் முதல்ல பாருங்க. ரெண்டும் நிர்மலா என்றால் உயரம் ஒண்ணாகத்தான் வரணும். பேஸ்ட் பண்ணின இடத்தில் எங்கேயோ கலிப்ரி மிச்சம் இருக்கும்.

பத்தி அமைப்பில் லைன் ஸ்பேசிங்கை "எக்ஸாக்ட்லி" ஆக்கி 11 சைஸுக்கு 18 பொயின்ட் கொடுத்தாலும் சமமாகும். 12, 13 என்று குறைச்சீங்க என்றால் "கி", "கீ" யின் மேல் வளைவும் "கு", "து" வின் அடிப்பகுதியும் வெட்டுப்படும். பயமா இருந்தா "எட் லீஸ்ட்" 18.

எச்டிஎம்எல் டெம்ப்ளேட் எழுதுறவங்க ஃபொன்ட் வரிசையை இப்படி வைக்கலாம்: நிர்மலா யூஐ, அடுத்து லதா, நொட்டோ சான்ஸ் தமிழ், தமிழ் சங்கம் எம்என், கடைசியில் சான்ஸ்-செரிஃப். ஏரியலை முதல்ல வச்சா ஆங்கிலம் ஏரியலுக்கும் தமிழ் அடுத்ததுக்கும் பிரிஞ்சு போகும், அதனால தமிழ் உள்ள ஃபொன்ட்தான் முன்னுக்கு வரணும். சைஸை பிக்சலில், ஒவ்வொரு அட்டவணைக் கட்டத்திலும் நேரடியா எழுதுங்க. மேலே ஒரு இடத்தில் எழுதினா கட்டத்துக்குள்ள இறங்கும் என்று எல்லா செயலியிலும் நம்ப முடியாது. தமிழுக்கு 15, 16 பிக்சலுக்குக் கீழே போகாதீங்க. இணையத்தில் இருந்து இறங்குற வெப் ஃபொன்ட் வேண்டாம். பழைய அவுட்லுக் மெயிலைக் காட்டுறதுக்கு வேர்டின் எஞ்சினைத்தான் பாவிக்குது, தெரியாத வெப் ஃபொன்ட்டைப் பார்த்தா பின்னால் எழுதின வரிசையையும் விட்டுவிட்டு டைம்ஸ் நியூ ரோமனுக்குத் தாவும்.

வேர்ட் குப்பையோட மெயில் நீண்டுகொண்டே போனா ஜிமெயில் 102 கிலோபைட்டில் வெட்டி, மிச்சத்தைப் பார்க்க ஒரு இணைப்பை அழுத்தச் சொல்லும். கடிதத்தின் அடியில் இருக்கிற கையொப்பம் காணாமல் போறதற்கு இதுவும் ஒரு காரணம்.

பண்டாரவளை_மிஸ்

ஒரு சந்தேகம். சில இடத்தில் எழுத்துக்குப் பின்னால வெள்ளைப் பட்டை தெரியுது, ஃபோனை டார்க் மோடில் வச்சா மட்டும்.

பதுளை_ரோட்

வெப் பக்கத்தில் இருந்து கொப்பி பண்ணின வரியா இருக்கும் மிஸ். பின்னணி நிறம் கூடவே வந்திருக்கு, வெள்ளைத் திரையில் தெரியல, இருட்டில் தெரியுது. அந்த வரியை கட் பண்ணி அதே இடத்தில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி போட்டா போயிடும்.

கொட்டகலை_டைப்செட்

மிச்சமிருந்த கலிப்ரி ரெண்டு வரி கிடைச்சுது, இப்ப இடைவெளியும் சரி. ஒரே மாதிரிக் கடிதங்களுக்கு இதை டெம்ப்ளேட்டா வச்சுக்கலாமா? கையொப்பமும் அதில் சேர்க்கலாமா?

ஹட்டன்_சேர்விஸ்

வைக்கலாம். அவுட்லுக்கில் புது மெயில் திறந்து, ஒண்ணும் பேஸ்ட் பண்ணாம கையால அடிச்சு முடிச்சு, ஃபைல் > சேவ் எஸ் > அவுட்லுக் டெம்ப்ளேட். திறக்க: நியூ ஐட்டம்ஸ் > மோர் ஐட்டம்ஸ் > சூஸ் ஃபோர்ம், அங்கே மேலே பட்டியலில் யூசர் டெம்ப்ளேட்ஸ் இன் ஃபைல் சிஸ்டம். மாற வேண்டிய இடங்களுக்கு பெயர், திகதி என்று சதுர அடைப்பு போட்டு வைங்க, நிரப்பும்போது அடைப்புக்குள்ள கீப் டெக்ஸ்ட் ஒன்லி.

கையொப்பத்தை டெம்ப்ளேட்டில் சேர்க்காதீங்க, ரெண்டு தடவை வரும். ஒப்ஷன்ஸ் > மெயில் > சிக்னேச்சர்ஸில் தனியா, அங்கேயும் நிர்மலா 11 இல் வைங்க. அந்த சின்னப் பெட்டியில் கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் பிரிவு வராது. அதனால அவுட்லுக்கில் ஒரு வெறும் மெயில் திறந்து, கண்ட்ரோல் + டி யில் ரெண்டு பகுதியும் சரிசெஞ்சு கையொப்பத்தை எழுதி, அதைக் கொப்பி பண்ணி பெட்டிக்குள்ள ஒட்டுங்க. இங்க மட்டும் சாதாரண கண்ட்ரோல் + வி.

ஜிமெயிலில் செட்டிங்ஸ் > அட்வான்ஸ்டில் டெம்ப்ளேட்ஸை எனேபிள் பண்ணிச் சேவ் பண்ணின பிறகு, எழுதுற ஜன்னலின் மூணு புள்ளி மெனுவில் வரும். முன்னமே சேமிச்ச டெம்ப்ளேட்டுகள் இருந்தா அதுக்குள்ள பழைய ஃபோர்மட்டிங் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொண்ணா திறந்து, கண்ட்ரோல் + ஏ, கண்ட்ரோல் + பேக்ஸ்லாஷ் போட்டு, அதே பெயரில் திரும்ப சேமிங்க.